ஓஎம்ஆர் விடைத்தாளில் ஒரு வரிசை தவறிப்போனது: குரூப் 4 எழுதியவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வை முதன்முறையாக எழுத இருக்கிறேன். பாடப்பகுதி பற்றிய ஐயம் எதுவும் இப்போது இல்லை. விடைத்தாளை நிரப்புவதில்தான் எனக்குச் சிக்கல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, நான் படிக்கும் பயிற்சி மையத்தில் 200 கேள்விகளுக்கும் முழு மாதிரித் தேர்வு வைத்தார்கள். பள்ளிக் காலத்திலிருந்து பழகிய முறைப்படி, விடைகளை முதலில் வினாத்தாளிலேயே குறித்துக்கொண்டு வந்து, கடைசி அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து விடைத்தாளில் நிரப்பத் தொடங்கினேன். 111-ஆவது கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்; அந்த நினைவில்லாமல் 112-க்கான விடையை 111-க்கு எதிரே நிரப்பிவிட்டேன். 143-ஐ நிரப்பப் போனபோது கை 142-ஆம் வரிசையில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் 31 விடைகள் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டிருந்தன. அவற்றில் 26 கேள்விகளுக்கு எனக்குச் சரியான விடை தெரியும். வரிசை மாறியும் தற்செயலாகப் பொருந்தியவை 7. ஆக, விடை தெரிந்தும் இழந்தவை 19 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்ற கணக்கில் இருபத்தெட்டரை மதிப்பெண். ஒரே மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் தேர்வில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு கேள்விக்கும் விடை கண்டவுடனே வட்டத்தைக் கருமையாக்கிவிடுவது நல்லதா, அல்லது மொத்தமாகச் செய்வதா? தவறான வட்டத்தை நிரப்பிவிட்டால் சரிசெய்ய வழி ஏதேனும் உண்டா? விடை தெரியாத கேள்விக்கு ‘ஈ’ என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும் என்கிறார்கள். இறுதியில் எத்தனை ஏ, எத்தனை பி என்று எண்ணியும் எழுத வேண்டுமாம். இதற்கெல்லாம் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பதில்: நான்காம்முறை

சகோதரி, நான் மூன்று முறை எழுதித் தவறி, நான்காவது முறையில் இளநிலை உதவியாளர் பணிக்கு வந்தவன். என் முதல் இரண்டு தேர்வுகளிலும் நீங்கள் செய்ததையே நானும் செய்தேன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: கடைசி அரை மணி நேரத்தில் மொத்தமாக நிரப்பும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒரு வட்டத்தை ஒழுங்காகக் கருமையாக்க ஏறத்தாழ ஐந்து வினாடி ஆகிறது. 200 வட்டங்களுக்கு 1,000 வினாடி, அதாவது பதினேழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இதைக் களைப்பில்லாத கைக்குப் போட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் படித்துப் படித்துக் கண் எரியும் நிலையில், அடுத்த பெஞ்சுக்காரர் தாளைப் புரட்டும் ஓசைக்கும் பதறுகிற வேளையில், அதே வேலை அரை மணி நேரத்தை விழுங்கிவிடும்; வரிசையும் தவறும்.

நான் பின்பற்றியது பக்க முறை. வினாத் தொகுப்பில் ஒரு பக்கத்திலுள்ள கேள்விகளை முடித்து, விடைகளைப் பேனாவால் லேசாகப் புள்ளியிட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தை மட்டும் விடைத்தாளில் நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன். தவறினாலும் ஐந்தாறு கேள்விகளோடு நின்றுவிடும்.

‘ஈ’ வட்டத்தைப் பற்றி: குரூப் 4 தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. நீட் தேர்வில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் தந்து, தவறான விடைக்கு ஒன்றைக் கழிக்கிறார்கள். அங்கே தெரியாததை விட்டுவிடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே தவறான விடைக்கும் பூச்சியம், ‘ஈ’க்கும் பூச்சியம்; இரண்டையும் கருமையாக்க ஆகும் நேரமும் ஒன்றே. தெரியாத பத்துக் கேள்விகளுக்கு ஏ முதல் டி வரை ஏதோ ஒன்றை நிரப்பினால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்ற கணக்கில் சராசரியாக மூன்றே முக்கால் மதிப்பெண் வரக்கூடும். பிறகு ‘ஈ’ யாருக்காக என்றால், என் நண்பர் ஒருவர் சொல்வதுபோல், மனச்சாட்சி உறுத்துபவர்களுக்காக.

இன்னொன்று. பல பயிற்சி மையங்கள் பழைய நான்கு வட்டத் தாள்களையே இன்னும் பயன்படுத்துகின்றன. அதில் பழகிய கைக்கு ‘கடைசி வட்டம் என்றால் டி’ என்று பதிந்துவிடும். மூன்றாவது முறை எழுதியபோது, டி என்று நினைத்துக்கொண்டு நான் நிரப்பியவற்றில் நான்கு ‘ஈ’யாகப் போயிருந்தன, பின்னர் விடைத்தாளின் நகலை இணையத்தில் பார்த்தபோதுதான் எனக்கே தெரியவந்தது. ஆகவே ஐந்து வட்டமுள்ள தாளில் மட்டுமே பயிற்சி செய்யுங்கள்.


பதில்: கரும்பலகை

நான் அரசு மேல்நிலைப்பள்ளி ஆசிரியர். ஆணையத்தின் தேர்வுகளுக்கு அறைக் கண்காணிப்பாளராகப் பலமுறை பணியாற்றியிருக்கிறேன். மேலே தம்பி எழுதியவற்றில் பெரும்பகுதி சரி. ஆனால் ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். வினாத் தொகுப்பில் விடைகளைக் குறியிடவோ புள்ளி வைக்கவோ கூடாது என்று தொகுப்பின் முகப்புப் பக்க அறிவுரைகளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ‘லேசாகப் புள்ளி’ என்பதும் குறிதான். அவர் செய்தபோது கண்காணிப்பாளர் கவனிக்கவில்லை என்பதற்காக அதை ஒரு முறையாக மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டாம்.

வினாத் தொகுப்பில் குறிக்கக்கூடாது என்றாகிவிட்ட பிறகு, விடை கண்டவுடனே விடைத்தாளில் கருமையாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. இதை ஒரு தடையாக நினைக்காதீர்கள். உங்களுக்கு நேர்ந்தது போன்ற வரிசைப் பிசகுக்கு இதைவிட நல்ல காப்பும் இல்லை. விட்டுச் செல்லும் கேள்விகளின் எண்களை மட்டும், வினாத் தொகுப்பின் இறுதியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கென்று விட்டிருக்கும் தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

கண்காணிப்பாளராக அறைக்குள் நடந்து வரும்போது, வரிசை தவறாமல் நிரப்புகிறவர்களின் கையைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: வினாத் தொகுப்பை மடித்து, அதன் மேல் விளிம்பை, நிரப்பவேண்டிய வரிசைக்குச் சரியாகக் கீழே பொருந்தும்படி விடைத்தாளின்மீது வைக்கிறார்கள். அதற்குக் கீழுள்ள வரிசைகள் மறைந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் கடைசி எண் எதுவோ அதுவே நிரப்பவேண்டிய எண். தொகுப்பிலுள்ள கேள்வி எண்ணையும் விடையின் எழுத்தையும் உதட்டளவில் சொல்லிப் பார்த்து, விடைத்தாளில் அதே எண்ணைக் கண்டபின்பே பேனாவை வைக்கிறார்கள். ‘அடுத்த வரிசை’ என்று கையை இறக்கிக்கொண்டே போகிறவர்கள்தான் தவறுகிறார்கள். கேள்வி எண்ணைத் தேடிப்போகிறவர்கள் தவறுவதில்லை.

தேர்வு தொடங்கும் முன் செய்யவேண்டியவற்றை அவசரத்தில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விடைத்தாளில் உங்கள் பெயர், பதிவெண், நிழற்படம் ஆகியவை முன்கூட்டியே அச்சாகி வரும். அவை உங்களுடையவைதாமா என்று முதலில் பாருங்கள். அடுத்து, வினாத் தொகுப்பில் 200 கேள்விகளும் இருக்கின்றனவா, பக்கம் விடுபட்டோ மங்கலாகவோ இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அதன் பிறகே வினாத் தொகுப்பு எண்ணை விடைத்தாளில் எழுதிக் கருமையாக்க வேண்டும். ஏனென்றால் குறையுள்ள தொகுப்பை மாற்றித் தந்தால் எண்ணும் மாறிவிடும். பழைய எண்ணை ஏற்கெனவே கருமையாக்கியிருந்தால் என்ன செய்வது என்று தேர்வரும் கண்காணிப்பாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எண்களை முதலில் மேலுள்ள கட்டங்களில் எழுதிவிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் நேர் கீழே உள்ள வட்டத்தை நிரப்புங்கள். சில தாள்களில் பூச்சியம் மேலே இருக்கும், சிலவற்றில் கீழே. பழக்கத்தில் கை போகக்கூடாது.

பெருவிரல் ரேகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன். இடது கைப் பெருவிரலை மைத்தாங்கியில் ஒற்றி, தாளில் அதற்குரிய கட்டத்துக்குள் பதிக்க வேண்டும். ஓராண்டு ஒரு பெண் ரேகையை வைத்துவிட்டு, விரலைத் துடைக்காமல் அதே கையால் விடைத்தாளை நகர்த்திப் பிடித்தார். விடை வட்டங்களின்மீது, மூன்று வரிசைகளின் ஓரத்தில், ஊதா நிறத்தில் பாதி விரல் பதிந்துவிட்டது. அதைத் துடைக்கப் போய் இன்னும் பரவியது. மீதித் தேர்வு முழுவதும் அவர் கண் அந்தக் கறையிலேயே இருந்தது. ஒரு பழைய கைக்குட்டையைக் கொண்டுவாருங்கள். ஜூன், ஜூலை வெக்கையில் முழங்கை வியர்வைக்கும் அதுவே உதவும்.

ஏ, பி, சி, டி, ஈ எண்ணிக்கைக்கு வருகிறேன். 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வில், காலை 9.30 மணி முதல் 12.30 மணி வரை தேர்வு, அதன்பின் 12.45 வரை பதினைந்து நிமிடம் இந்த எண்ணிக்கைக்கென்றே தனியாகத் தரப்பட்டது. அது கூட்டிப் பார்த்து நிரப்புவதற்கான நேரமே தவிர, விட்ட கேள்விகளுக்கு விடை தேடுவதற்கானது அன்று. எதையும் நிரப்பாமல் விட்ட வரிசை, தவறான எண்ணிக்கை, வைக்காத ரேகை என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கழிப்பு உண்டு. கருப்பு மைப் பந்துமுனைப் பேனா என்பதிலும் விட்டுக்கொடுப்பு இல்லை. விடைத்தாளின் அமைப்பை ஆணையம் அவ்வப்போது மாற்றுவதால், தேர்வுக்கு முன் அவர்களது இணையதளத்தில் வெளியாகும் மாதிரித் தாளையும் உங்கள் நுழைவுச்சீட்டின் அறிவுரைகளையும் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிடுங்கள்.

‘ஈ’ மனச்சாட்சிக்காரர்களுக்கு என்று தம்பி வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். அது வந்த கதை வேறு. 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4 தேர்வில், ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர், சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையால் வட்டங்களை நிரப்பிவிட்டுச் சென்றதும், வெற்றாகிப்போன அந்த வட்டங்களில் பிறகு வேறொருவர் சரியான விடைகளை நிரப்பியதும் 2020 ஜனவரியில் வெளிவந்தன. 99 பேர் தேர்வு எழுத வாழ்நாள் தடை பெற்றார்கள். அதற்கடுத்த மாதமே சீர்திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. எந்த வரிசையும் வெறுமையாக இல்லாமல், ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை என்ற கணக்கும் தேர்வரின் கையாலேயே எழுதப்பட்டிருந்தால், பின்னர் எவரும் ஒரு வட்டத்தைக்கூடக் கூட்ட முடியாது. தேர்வர்களுக்கு இது தொல்லைதான். ஆனால் உங்கள் தாளுக்கு நீங்களே வைக்கும் பூட்டு என்று எண்ணினால் எரிச்சல் சற்றுக் குறையும்.


பதில்: ஸ்கேனர் அறை

ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் ஓஎம்ஆர் தாள்களைக் கருவியில் படிக்கவிடும் வேலை பார்க்கிறேன். ஆணையத்தின் தாள்களோடு எனக்குத் தொடர்பில்லை. ஆனால் கருவி எங்கும் ஏறத்தாழ ஒரே முறையில்தான் பார்க்கிறது என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

கருவிக்கு உங்கள் எழுத்தோ எண்ணோ தெரியாது. தாளின் ஓரத்தில் வரிசைக்கு ஒன்றாகச் சிறு கறுப்புப் பட்டைகள் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டையை வைத்து ‘இங்கே ஒரு வரிசை’ என்று கண்டுகொண்டு, அதிலிருந்து இத்தனை தொலைவில் உள்ள இடங்களில் ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்று மட்டுமே அளக்கிறது. வெற்று வட்டத்திலிருந்து ஒளி நன்றாகத் திரும்பும். கருமையான வட்டத்திலிருந்து திரும்பாது. வட்டங்களின் கோடுகளை இளஞ்சிவப்பு போன்ற வெளிர் நிறங்களில் அச்சிடுவதற்கும் காரணம் உண்டு: கருவியின் ஒளிக்கு அந்த நிறம் தெரியாமல் போய், நீங்கள் இட்ட கருப்பு மட்டும் எஞ்சும்.

ஆகையால் ஓரப் பட்டைகளின்மீது கிறுக்குவதும், தாளின் மூலையை மடிப்பதும், ஒரு வட்டத்தைத் தவறாக நிரப்புவதைவிடப் பெரிய கேடு. ஒரு பட்டை பிசகினால் கருவி வரிசையையே தவறவிடலாம். அரைகுறையாக, ஒரு டிக் அடித்தாற்போல் நிரப்பிய வட்டம் ‘நிரப்பியதா, அழுக்கா’ என்ற ஐயத்தில் நிற்கும். விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, உள்ளே இரண்டு மூன்று சுற்றில் நிரப்பினால் போதும். தாள் கிழியுமளவு அழுத்த வேண்டாம். விடையை யோசிக்கும்போது வட்டத்துக்குள் பேனா முனையைத் தட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படி மூன்று நான்கு புள்ளிகள் விழுந்த வட்டத்தையும் கருவி கணக்கில் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

தவறான வட்டத்தை நிரப்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் செய்யாதீர்கள் என்பதே என் பதில். சரியானதையும் சேர்த்து நிரப்பினால் ஒரே வரிசையில் இரண்டு கருமை என்று பதிவாகி, அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடைக்காது. வெள்ளை மை பூசினால் அது காய்ந்து தடித்து, உருளையில் ஒட்டும். பிளேடால் சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து, பின்பக்கத்து நிழல் தெரியும். ஒன்றரை மதிப்பெண் போனது போகட்டும் என்று விட்டுவிட்டு, எண்ணிக்கை எழுதும்போது மட்டும், நீங்கள் நினைத்த எழுத்தை விட்டுவிட்டு உண்மையில் நிரப்பிய எழுத்தையே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘பென்சிலால் நிரப்பலாமா’ என்று இன்றும் சில பெற்றோர் கேட்கிறார்கள். அந்த வழக்கம் 1938-இல் அமெரிக்காவில் வந்த ஐபிஎம் 805 என்ற கருவியின் மிச்சம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக்கொண்டு, கோட்டின் வழியே மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்து அது மதிப்பெண் போட்டது. ஒளியால் படிக்கும் கருவிக்கு அந்தத் தேவை இல்லை; அழிக்க முடியாத பேனா மைதான் இங்கே பாதுகாப்பு. ஜெல் பேனா மட்டும் வேண்டாம். காயுமுன் கைபட்டால் பக்கத்து வட்டத்துக்கு இழுபட்டுவிடும்.


பதில்: நான்காம்முறை

கரும்பலகை ஐயாவுக்கு நன்றி. வீட்டிலிருந்த பழைய வினாத் தொகுப்பை எடுத்து முகப்பைப் படித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே அச்சிட்டிருக்கிறார்கள். நான்கு முறை எழுதியும் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படிக்காமலே இருந்திருக்கிறேன். என் பக்க முறையை யாரும் பின்பற்ற வேண்டாம்.


மறுமொழி: பொருநைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாதிரி விடைத்தாளை அச்சிட்டு, கேள்வி பார்த்த உடனே நிரப்பும் முறையில் 200 கேள்விகளுக்குப் பயிற்சி செய்தேன். தொகுப்பின் விளிம்பை வரிசைக்குக் கீழே வைக்கும் வழி முதலில் கைக்கு இடைஞ்சலாக இருந்தது. முப்பது கேள்விகளுக்குப் பிறகு பழகிவிட்டது. ஒரு வரிசையும் தவறவில்லை. தமிழ்ப் பகுதியின் நூறு கேள்விகளில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால், அந்தப் பகுதியில் வரிசை தவறியிருந்தால் என் நிலை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது.

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். எழுத்துகளை எண்ணிக் கூட்டியபோது 200 வர வேண்டியது 199 வந்தது; மறுபடி எண்ணினால் 201. எங்கே தவறுகிறேன் என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஆகிவிடுகிறது.


பதில்: கரும்பலகை

முழுத் தாளையும் ஒரே மூச்சில் எண்ணாதீர்கள். ஒரு நெடுவரிசையை மட்டும் எடுத்து, அதில் ஏ எத்தனை, பி எத்தனை என்று ஐந்தையும் எண்ணி, அவற்றின் கூட்டல் அந்த நெடுவரிசையிலுள்ள கேள்விகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறு எந்த நெடுவரிசையில் என்பது அங்கேயே தெரிந்துவிடும். திரும்ப எண்ண வேண்டியதும் அதை மட்டுமே. கடைசியில் ஏக்களைத் தனியே, பிக்களைத் தனியே கூட்டிக்கொள்ளலாம்.

கூட்டுத்தொகை 200 வந்துவிட்டது என்பதாலேயே கணக்கு சரியென்றும் முடிவுகட்ட வேண்டாம். ஒரு பியை டி என்று எண்ணியிருந்தால் ஒன்று குறைந்து மற்றொன்று கூடி, மொத்தம் 200 ஆகவே நிற்கும். பியையும் டியையும் மட்டும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கையும் கடைசித் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு விடைத்தாளில் ஏற்றுங்கள்.